வள்ளுவர் ஏன் தபால்தலையாகச் சுருங்குகிறார்?

கேள்வி: நானும் நண்பர்கள் நால்வரும் குமரி மாவட்டத்து இடங்களைப் படமெடுத்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்த்து வருகிறோம். படத்தொகுப்பை ஒருவர் அட்டவணைக்குள் அடைக்கிறார். மற்றொருவர் வரிசைக்கு நான்கு படம் என்று கட்டுகிறார். ஒரே தொகுப்பில் மாத்தூர் தொட்டிப்பாலம் பெரிதாகவும், திருவள்ளுவர் சிலை தபால்தலை போலவும் தெரிகின்றன. எல்லாப் பக்கங்களையும் ஒரே சீராக்க வழி உண்டா?
– வாசகர், குலசேகரம்

பதில்: அகலத்தை மட்டும் 240 பிக்சல் என்று கூட்டிவிட்டு, உயரத்தைத் தொடாமல் விட்டிருப்பீர்கள். படத்தொகுப்பைக் காட்டும் கேலரி குறிச்சொல்லில் (<gallery>) அளவு எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் 120 பிக்சல் கொண்ட கட்டமே கிடைக்கும். அகலம் மட்டும் கூடும்போது கிடைமட்டப் படமான பாலம் 180 பிக்சல் வரை விரிந்துகொள்கிறது. நெடுக நிற்கும் சிலையோ 120 உயரத்தில் முட்டி, 80 பிக்சல் அகலத்திலேயே நின்றுவிடுகிறது.

நெட்டையும் குட்டையுமான படங்கள் கலந்த தொகுப்புக்கு, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நெருக்கி அடுக்கும் 'பேக்டு' (mode=packed) கேலரி முறையே பொருத்தம் என்பது என் கருத்து. அதில் உயரத்தை மட்டும் கொடுத்தால் போதும். அகலத்தையும் வரிசைக்கு எத்தனை படம் என்பதையும் மென்பொருள் பொருட்படுத்தாது. உயரம் 200 என்று வைத்தால் சிலைப்படம் ஏறத்தாழ 133 பிக்சல் அகலம் பெறும் (சிலையின் உயரமும் 133 அடி, தற்செயல்தான்!). வரிசையை நிரப்புவதற்காக இந்த அளவு சற்றுக் கூடவும் செய்யும். படவிளக்கம் படத்தின் அகலத்துக்குள்ளேயே மடிவதால், சிலைக்குக் கீழே நான்கு வரி வரலாறு எழுதினால் அது தூணாக இறங்கிவிடும். 'முக்கடல் நடுவே வள்ளுவர் சிலை' என்ற அளவில் நிறுத்துங்கள். 2000ஆம் ஆண்டுத் திறப்பு விழாவைக் கட்டுரையில் சொல்லலாம்.

அட்டவணையைக் கைவிடுவது நல்லது. கணினியில் அழகாகத் தெரியும் நான்கு நெடுவரிசைகள் கைப்பேசித் திரையில் பக்கவாட்டில் வழிந்தோடும். கேலரியோ திரைக்கேற்பத் தானே மடிந்துகொள்ளும்.

ஆனால் ஐவரும் ஒப்புக்கொண்ட வடிவம் என்பதற்காக, பிறர் அமைத்த பக்கங்களை ஒரே இரவில் மாற்றிவிடாதீர்கள். அந்தந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் காரணத்தை எழுதி, சில நாள் காத்திருந்து, முன்தோற்றம் பார்த்துச் சேமியுங்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் ஒரே கதவுக்கு எட்டுப் படங்கள் இருந்தால் சிறந்த ஒன்றை மட்டும் கட்டுரையில் வைத்து, மற்றவற்றை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் உரிய பகுப்பில் சேர்த்து இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.