கிழிச்ச பக்கமும் அதோட எதிர்த்தாளும்

அண்ணா வணக்கம்,

எங்க போனாலும் பையில ஒரு ஸ்கெட்ச் புக் இருக்கும்னு ஒரு கட்டுரையில போற போக்குல எழுதியிருந்தீங்க. அதைப் படிச்சுட்டுதான் நானும் ஆரம்பிச்சேன். எனக்கு 41 வயசு, கணக்கு எழுதுற வேலை, ஸ்கூல் முடிச்சப்புறம் ஒரு கோடு வரைஞ்சதில்ல. ரெண்டு வருஷத்துல மூணு நோட்டு வாங்கிட்டேன், ஒண்ணு கூட பாதியைத் தாண்டல. நல்லா வராத பக்கத்தை உடனே கிழிச்சிடுறேன், நோட்டு இளைச்சுகிட்டே போகுது. புது நோட்டோட முதல் பக்கத்தைத் தொடவே பயமா இருக்கு. எந்த பேப்பர், எந்த பென்சில் நல்லது? கிளாஸுக்குப் போகணுமா? இந்த வயசுல ஆரம்பிச்சு உருப்படியா ஏதாவது வருமா? ஆன்லைன்ல போட்டா ஏழெட்டு லைக்கோட நின்னுடுது, அதுவும் ஒரு மாதிரி இருக்கு. நேரம் கிடைச்சா பதில் போடுங்க.

அன்புள்ள தம்பிக்கு,

41 வயசுக்காரரைத் தம்பின்னு கூப்பிடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அண்ணான்னு ஆரம்பிச்சது நீங்க, பொறுத்துக்கங்க. உங்க லெட்டரை மூணு வாரம் முன்னாடியே படிச்சுட்டேன். பதில் போடுற மாதிரி இல்ல, ஏன்னா பேப்பர் எது பென்சில் எதுன்னு மாசத்துக்கு நாலு பேர் கேக்குறாங்க. ஆனா "கிழிச்சிடுறேன்"னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்க பாருங்க, அது மட்டும் போக மாட்டேங்குது, ராத்திரி படுத்தா அதுதான் ஞாபகம் வருது.

மத்ததையெல்லாம் சீக்கிரம் முடிச்சுடுறேன். பேப்பர்: வெறும் பென்சில்னா 100 ஜிஎஸ்எம் (தாளோட கனத்தைச் சொல்ற அளவு) போதும், தண்ணி கலர் தொடுவீங்கன்னா 200-க்கு மேல இருக்கட்டும், இல்லன்னா தாள் அலை அலையா எழும்பிடும். பென்சில்: ஒரு ஹெச்பி, ஒரு 4பி, அவ்வளவுதான். உள்ளே இருக்கறது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை, களிமண் கூடுனா முனை கெட்டியாகி கோடு வெளிர்ப்பா வரும், குறைஞ்சா கறுப்பா மெத்துன்னு வரும், இதுல பன்னெண்டு பென்சில் டப்பா வாங்கி என்ன பண்ணப் போறீங்க. கிளாஸ்: போங்க, போகாட்டியும் ஒண்ணும் கெட்டுப்போகாது. லைக்: அதைப் பத்தி எனக்குப் பேச விருப்பமில்ல. வயசு: வான் கோ 1880-ல ஓவியனா ஆகறதுன்னு முடிவு பண்ணப்ப 27, பத்து வருஷத்துல ஆளே இல்ல. ஜப்பான் ஓவியர் ஹொகுசாய் 1834-ல ஒரு பின்னுரையில, 70 வயசுக்கு முன்னாடி நான் வரைஞ்சதுல சொல்லிக்கிற மாதிரி எதுவுமில்லைங்கற அர்த்தத்துல எழுதி வச்சார். ஆனா அவர் ஆறு வயசுல இருந்து வரைஞ்சவர், அதை எடுத்துக்காட்டுறவங்க பல பேர் சொல்றதில்ல. ரெண்டு பேராலயும் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. நீங்க கணக்கு எழுதுறவர், சாயங்காலம் அரை மணி நேரம் கிடைக்குது, அதுல வரையணும்னு தோணுது. இதுக்கு ஏன் வயசு சர்டிபிகேட்?

இப்ப கிழிக்கற விஷயம்.

நானும் கிழிச்சவன்தான். முப்பது வயசு வாக்குல எனக்கு ஒரு நோட்டு இருந்துச்சு, கெட்டி அட்டை, நூல் போட்டு தைச்சது. அதுல ஒரு நாய் வரைஞ்சேன், வாசல்ல படுத்திருந்துட்டு அப்பதான் எழுந்து நின்ன நாய். உடம்பு ஒரு மாதிரி வந்துடுச்சு, பின்னங்கால்தான் வரல. மேஜைக்கு கால் வச்ச மாதிரி நேரா ரெண்டு குச்சி. அழிச்சு அழிச்சு வரைஞ்சு தாள் நைஞ்சுபோய், கோபத்துல சர்ருன்னு கிழிச்சு கசக்கிப் போட்டேன். அந்த நிமிஷம் என்ன ஒரு சுகம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அதே நோட்டுல கொஞ்ச நாள் கழிச்சு எங்க பெரியப்பாவை வரைஞ்சேன். சாய்வு நாற்காலியில வாயைத் திறந்துட்டு தூங்கிட்டு இருந்தார். முகம் எப்படியும் வராதுன்னு தெரியும், அதனால காதை மட்டும் எடுத்துக்கிட்டேன். இருபது நிமிஷம் ஒரு காது. அதுவரைக்கும் காதுன்னா எனக்கு ஒரு கேள்விக்குறி மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். உக்காந்து பாத்தாதான் தெரியுது, வெளி மடிப்பு மேல இருந்து சுத்தி வந்து காதுக் குழிக்குள்ள போய் முடியுது, உள்ள இன்னொரு மடிப்பு இருக்கு, அது மேல ரெண்டா பிரியுது, அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன பள்ளம். அவரோட காது மடல் தொங்காம கன்னத்தோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கண்ணாடியில போய் பாத்தேன், எனக்கும் அப்படித்தான். முப்பது வருஷமா அந்த மனுஷன் தோள்ல ஏறி வளர்ந்திருக்கேன், அந்தக் காதைப் பிடிச்சு இழுத்திருக்கேன், அன்னைக்குத்தான் பாக்குறேன்.

அந்தப் படம் இப்ப என்கிட்ட இல்ல. வீடு மாத்தும்போது எங்கயோ விழுந்துடுச்சு. எப்படி விழுந்துச்சுன்னா, இதுதான் நான் சொல்ல வந்தது: தைச்ச நோட்டுல தாள் தனித்தனியா இருக்காது தம்பி. ஒரு பெரிய தாளை நடுவுல மடிச்சா ரெண்டு இலை. அப்படி மடிச்ச தாள் நாலைஞ்சை ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகி, மடிப்புல நூல் ஓட்டி ஒரு கத்தை ஆக்குவாங்க, கத்தைங்களைச் சேர்த்து அட்டை போட்டா நோட்டு. கத்தையோட முதல் இலையும் கடைசி இலையும் ஒரே தாள். ரெண்டாவதும் கடைசிக்கு முந்தினதும் ஒரே தாள். நீங்க இங்க ஒரு இலையை உருவுனா, அங்க அதோட ஜோடி நூல்ல பிடிமானம் இல்லாம சும்மா சொருகிட்டு நிக்கும். உடனே விழாது, மாசக்கணக்குல அப்படியே இருக்கும், ஒரு நாள் நோட்டை தலைகீழா தூக்கும்போது வழுக்கிட்டு போயிடும். என் நாயோட ஜோடி பெரியப்பாவோட காது. நாயை நான்தான் கிழிச்சேன், காது தானா போச்சு.

அவர் போய் பதினோரு வருஷம் ஆச்சு. போட்டோ நிறைய இருக்கு, ஒண்ணுல கூட காது சரியா தெரியல.

ஸ்பைரல் நோட்டு வாங்குனா இந்தப் பிரச்சனையே இல்லையேன்னு நீங்க சொல்லுவீங்க, கணக்கு எழுதுறவர் மூளை அங்கதான் போகும். அதனாலதான் சொல்றேன், ஸ்பைரல் வாங்காதீங்க. கிழிச்சா தடயமே இல்லாத நோட்டு உங்களை மாதிரி ஆளுக்கு விஷம்.

சரி, காது போனது ஒரு நஷ்டம். நாய் போனது அதைவிட நஷ்டம், இது எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆச்சு. நாயோட பின்னங்கால்ல முழங்கால் பின்பக்கமா மடங்குற மாதிரி ஒரு முட்டி தெரியும் பாருங்க, அது முழங்காலே இல்ல, குதிகால். நாய் விரல்ல நடக்குது, குதிகாலைத் தரையில வைக்கறதில்ல, நிஜமான முழங்கால் மேல வயித்துக்குப் பக்கத்துல முன்பக்கமா மடங்குது. இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு முதல்ல வந்த நினைப்பு, அந்தப் பழைய நாயை எடுத்துப் பாக்கணும், எந்த இடத்துல தப்பு விட்டேன்னு. எங்க போய் பாக்குறது. நான் கிழிச்சது கேவலமான படத்தைன்னு நினைச்சேன், ஆனா முப்பது வயசுல என் கண்ணுக்கு எது தெரியல அப்படிங்கறதுக்கு இருந்த ஒரே சாட்சி அது. கணக்குல தப்பு வந்தா நீங்க லெட்ஜர் பக்கத்தையா கிழிப்பீங்க? கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியானதை எழுத மாட்டீங்க? கிழிச்சா வேலையை விட்டே தூக்குவாங்கல்ல? ஆபீஸ்ல இருக்கற ஒழுக்கம் உங்க சொந்த நோட்டுக்கு ஏன் இல்லைன்னு எனக்கு நிஜமாவே கோபம் வருது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்ல. லியொனார்டோ டா வின்சி, 1519-ல செத்துப்போன மனுஷன், வரைய கத்துக்கறவங்களுக்கு எழுதி வச்சிருக்கார்: எலும்புச் சாம்பல் பூசின தாள் வச்ச சின்ன நோட்டு ஒண்ணை எப்பவும் கூடவே வச்சுக்கோ, ஜனங்க பேசறது சண்டை போடறது சிரிக்கறதையெல்லாம் வெள்ளிக் கம்பி முனை வச்ச எழுதுகோலால சுருக்கமா குறிச்சுக்கோ, அதை அழிக்காதே, நோட்டு நிறைஞ்சா பத்திரமா எடுத்து வச்சுட்டு அடுத்ததை எடு, உருவத்துக்கும் அசைவுக்கும் கணக்கே இல்ல, ஞாபகத்துல நிக்காதுன்னு. இத்தனைக்கும் அப்ப ரப்பர் கூட கிடையாது. ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கும்னு புத்தகத்துல பதிவானது 1770-லதான், அதுக்கு முன்னாடி ரொட்டியை வச்சு தேய்ச்சுட்டு இருந்தாங்க. அழிக்க ரொட்டி தேட வேண்டிய காலத்துலயே அழிக்காதேன்னு சொல்ல வேண்டியிருந்திருக்கு. அப்ப உங்க வியாதி பழைய வியாதிதான், அதுல வேணா நீங்க கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம்.

முதல் பக்க பயம் பத்தி கேட்டீங்கல்ல, மறந்தே போயிட்டேன். முதல் பக்கத்தை விட்டுடுங்க. நடுவுல எங்கயாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பேப்பரையே பாக்காம, உங்க இடது கையை மட்டும் பாத்துகிட்டு ஓரத்தை மெதுவா கோடு போட்டுட்டு வாங்க. கண்றாவியாதான் இருக்கும். கீழ தேதி போடுங்க, எத்தனை நிமிஷம்னு போடுங்க, நோட்டை மூடுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்த மூணு நோட்டையும் எடுங்க. தைச்சதுன்னா, கிழிச்ச இடத்துல ஒரு மெல்லிசு விளிம்பு ஒட்டிகிட்டு இருக்கும், இல்ல அதுவும் போயிருக்கும். அந்தக் கத்தையோட நடு எங்க இருக்குன்னு பாருங்க, நூல் வெளியில தெரியும். நடுவுல இருந்து கிழிச்ச இடம் எத்தனாவது இலையோ, மறுபக்கம் அதே எண்ணிக்கையில எண்ணிட்டுப் போனா ஜோடி இலை கிடைக்கும். லேசா இழுத்துப் பாருங்க, ஆடும். மடிப்போரமா ஒரு கோடு மாதிரி பசை தடவி பக்கத்து இலையோட ஒட்டி, மேல கனமா ஏதாவது வச்சு ஒரு ராத்திரி விட்டுடுங்க. நீங்க நோட்டுல பாதியைத் தாண்டாத ஆளு, அதனால முக்கால்வாசி இலை வெத்தாதான் இருக்கும். ஏதாவது ஒண்ணுல படம் இருந்தா, என்ன படம்னு எனக்கு எழுதுங்க.