அரணை கடித்தால்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் வாலிநோக்கம். சவூதியில் பைப்லைன் வேலை. கேம்புக்கு வெளியே, கால் முளைத்த மீன் மாதிரி ஒன்று ஓடிவந்து பொசுக்கென்று மணலுக்குள் போய்விட்டது. மணல்மீன் என்கிறார்கள். படம் அனுப்பியிருக்கிறேன். நம் ஊர் அரணையும் இதுவும் ஒன்றா? இதில் எந்த இனம்? காயவைத்து மருந்துக்கு விற்பார்களாமே? அரணை கடித்தால் மரணம் என்று ரூமில் சொல்லிவைத்தேன். மறுநாள் ஒருவர் ஒன்றை பூட்ஸ் காலால் நசுக்கிவிட்டார்.

*

அன்புள்ள தம்பி,

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு அரணையை அடித்துக் குப்பையில் போட்டிருந்தார்கள். அதிலிருந்து மனசு சரியில்லை. அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

இரண்டும் ஒன்றில்லை, உறவு உண்டு. நம் வீட்டோரத்து அரணைக்கு 1801இல் ஷ்னைடர் என்ற ஜெர்மன் இயற்கையியலாளர் பெயர் வைத்தபோது, மணல்மீனின் பேரினமான ஸ்கிங்கஸில்தான் சேர்த்தார். பிறகு மபூயா ஆக்கினார்கள். 2002இல் மரபணுவைப் பார்த்துப் பிரித்ததிலிருந்து யூட்ரோபிஸ். ‘காரினாட்டா’ என்ற பின்பாதி மட்டும், விகுதியைத் தவிர, மாறவில்லை. ஏரா உள்ளது என்று பொருள். வள்ளத்துக்கு அடியில் ஓடுமே, அதே ஏரா. அதன் முதுகுச் செதில் ஒவ்வொன்றிலும் மூன்றோ ஐந்தோ ஏரா உண்டு. மணல்மீனின் செதில் வழுவழுப்பு. மூக்கு மண்வெட்டி மாதிரி, கீழ்த்தாடை உள்ளடங்கியிருக்கும். மணலுக்குள் அது காலால் தோண்டிப் போவதில்லை. 2009இல் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள்: கால்களை உடம்போடு ஒட்டிக்கொண்டு, உடம்பையே அலைபோல் நெளித்து நீந்துகிறது.

எந்த இனம் என்று நான் சொல்லமாட்டேன். அரேபியாவில் மணல்மீன் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் உண்டு. நின்ற இடத்திலிருந்து முதுகை மட்டும் எடுத்த படத்தில் என்ன தெரியும்? மருந்துப் பேச்சை விடுங்கள்.

அந்தப் பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்பு லீவில் மூக்கையூரில் அப்பத்தா வீட்டில் இருந்தேன். ராவணன் மீசைப் புல் புதருக்குள்ளிருந்து வந்த ஒரு அரணையை அப்பத்தா பனைமட்டையால் ஒரே போடு போட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. ஆனால் மூடிய கண்ணுக்குள்ளிருந்து கறுப்பு மணி என்னைப் பார்த்தது. கீழிமையில் கண்ணாடிச் சில்லு பதித்த மாதிரி ஒரு வட்டம். நம் கிழக்குக்கரை மணலில் வாழும் யூட்ரோபிஸ் பிப்ரோனியின் அடையாளம் அது என்று தெரிய இருபது வருஷம் ஆனது. வீட்டோரத்து அரணையின் கீழிமையில் செதில்தான் இருக்கும், கண்ணாடி இருக்காது.

நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே அது என் சுண்டுவிரலைக் கவ்வியது. துணி கிளிப் போட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். உதறிவிட்டேன், புதருக்குள் ஓடிவிட்டது. நான்தான் செத்தேன். யாரிடமும் சொல்லாமல், ராத்திரி முழுக்க அப்பத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எப்போது நிற்கும் என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். விடிந்து கரைவலைக்காரர்களின் சத்தம் கேட்டபோதும் உயிரோடுதான் இருந்தேன்.

அரணைக்கு விஷம் கிடையாது தம்பி. நம் ஊரில் கிடையாது, சவூதியில் கிடையாது, உலகத்தில் எந்த அரணைக்கும் கிடையாது. அரணை, மரணம் என்று எதுகை சேர்ந்துவிட்டது, அதற்காகத் தலைமுறை தலைமுறையாக அடித்துக் கொல்கிறோம். என் அப்பத்தா எழுதப் படிக்கத் தெரியாதவள். நீங்கள் படித்தவர். கடல் தாண்டிப் போனபோது அந்த ஒரு வரியையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறீர்கள். உங்கள் வாயால்தான் அந்த மணல்மீன் செத்தது. கோபமாகத்தான் எழுதுகிறேன். ஒளிக்காமல் சொன்னீர்களே, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்று ராத்திரி சாப்பாட்டின்போது, நான் சொன்னது தப்பு என்று ரூமில் எல்லோரிடமும் சொல்லுங்கள். அடுத்ததைப் பார்த்தால் மணலில் படுத்துக்கொண்டு பக்கவாட்டில் படம் எடுங்கள். கன்னம், விலாப்புறம், கால்விரல் மூன்றும் தெரியவேண்டும். அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வையுங்கள். பிடிக்க வேண்டாம்.