கேள்வி பதில்: பள்ளிப் பிள்ளைகளுக்கு நாப்கின் கொடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். புதுக்கோட்டைப் பக்கம் எட்டுப் பள்ளிகளுக்கும் இரண்டு விடுதிகளுக்கும் நாங்கள் ஆறு பேர் பத்து வருஷமாக நாப்கின் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஓசூர், ஐ.டி. ஊழியர்: அக்கா, நண்பர்கள் சேர்ந்து 30,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். மகளிர் தினத்தன்று ஒரு அரசுப் பள்ளியில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் பாக்கெட் கொடுக்கப் போகிறோம். எந்த பிராண்டு நல்லது?

பிராண்டை அப்புறம் பார்ப்போம் தம்பி. ஒரு பிள்ளைக்கு மாதம் 5 நாள், நாளைக்கு 4 என்று வைத்தால் 20 நாப்கின் வேண்டும். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் ‘சுவிதா’ நாப்கின் 2019 ஆகஸ்ட் முதல் ஒன்று 1 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அப்படியானால் மாதம் 20 ரூபாய், வருஷம் 240. உங்கள் பணத்தில் 125 பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கக் கொடுக்கலாம். ஒரே நாளில் வாரிக் கொடுத்துவிட்டு வந்தால், மறுமாதமே அந்தப் பிள்ளை பழைய துணிக்குத்தான் திரும்பப் போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் வருஷம் ஒரு விடுதிக்கு 40 பாக்கெட் எடுத்துப் போனேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எல்லாரும் கலையும்வரை தூணோரம் நின்றிருந்தாள். பிறகு கிட்டே வந்து, “அத்தை, இதை எதுல ஒட்டணும்?” என்று காதோடு கேட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஜட்டி. இலாஸ்டிக் போய், இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தது. அன்றிலிருந்து வருஷத்துக்கு நாலு ஜட்டி, அளவு கேட்டு வாங்கி, நாப்கினோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். ஆக, 125 என்பதை 70, 80 என்று குறைத்துக்கொள்ளுங்கள். குறைவான பேருக்கு முழுதாகக் கொடுங்கள்.

பள்ளிக்கு ஒரு தடவை நேரில் போய்க் கழிவறையில் தாழ்ப்பாள், தண்ணீர், குப்பைத்தொட்டி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுக்கும்போது படம் எடுக்காதீர்கள்.

சேலம், ஆசிரியை: அரசே புதுயுகம் திட்டத்தில் இலவசமாகத் தருகிறது. அப்புறம் தன்னார்வலர்கள் எதற்கு?

நல்ல கேள்வி டீச்சர். 2012-ல் வந்த திட்டம் அது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக நாப்கினைத் தொட்டதே அதனால்தான். நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். 10 முதல் 19 வயதுவரை, இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 108, மாதத்துக்கு 9. தேவை 20. இரண்டு நாள் தாண்டும்போது தீர்ந்துவிடும். ஒரே நாப்கினைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வைத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். மீதி 11-க்காகத்தான் நாங்கள் போகிறோம்.

ஆனால் அரசு தர வேண்டிய 9-ஐ முதலில் கேட்டு வாங்குங்கள். வரத்து நின்றிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். அதையும் சேர்த்து நாமே கொடுத்து நிரப்பிவிட்டால், நின்றுபோனதே யாருக்கும் தெரியாமல் போகும்.

வந்த பாக்கெட்டை பீரோவில் பூட்டாதீர்கள். ஒரு பள்ளியில் சாவி ஓர் ஆண் ஆசிரியரிடம் இருந்தது. ஒரு பிள்ளைகூடப் போய்க் கேட்கவில்லை. இப்போது அங்கே கழிவறைக்குப் பக்கத்தில் மூடி போட்ட டின்னில் வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

மதுரை: நாப்கினுக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு?

கிடையாது. 12 சதவீதம் இருந்ததை 2018 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

திண்டிவனம், இயற்கை விவசாயி: பிளாஸ்டிக்கைக் கொடுத்து மண்ணைக் கெடுக்கிறீர்கள் அம்மா. துணி நாப்கின் கொடுக்கலாமே?

உங்கள் கவலை எனக்கும் உண்டு. கடை நாப்கினின் அடியில் பிளாஸ்டிக், பலவற்றின் நடுவில் ஜெல். புதைத்தாலும் மக்காது. ஆரோவில்லில் ஈக்கோஃபெம் என்ற அமைப்பின் பெண்கள் துணி நாப்கின் தைக்கிறார்கள். வெளிநாட்டில் ஒன்று விற்றால், அந்த ஆதரவில் இங்கே ஒரு பிள்ளைக்கு ஒன்று போகிறது. அருமையான வேலை. தண்ணீரும் வெயிலும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்களும் துணி கொடுக்கிறோம்.

சென்னை, கல்லூரி மாணவி: துணியா? எங்கள் பாட்டி பட்டபாட்டை மறுபடி ஏழைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதா? உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு விஸ்பர், அவர்களுக்குத் துணியா?

மீண்டும் திண்டிவனம்: பாட்டி கிழிந்த சேலையைக் கட்டினார். இது தைத்த நாப்கின், மூன்று வருஷம் வரும். விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புரியாது.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். துணி கெடுதலும் இல்லை, கேவலமும் இல்லை. ஈரத்துணிதான் கெடுதல். பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் காய்ந்தால் அது சுத்தமான துணி. ஆனால் எங்கே காயப்போடுகிறார்கள்? கொல்லைக் கொடியில், பாவாடைக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல். ஐப்பசி அடைமழையில் அது நாலு நாளானாலும் காயாது. அதே ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, தொடை இடுக்கெல்லாம் புண்ணாகி என்னிடம் காட்டிய பிள்ளைகள் உண்டு. ஒண்டுக் குடித்தனத்தில், தெருக்குழாய்த் தண்ணீரில் ஒரு பிள்ளை எதை அலசும், எங்கே உலர்த்தும்? சார், உங்கள் தோட்டத்துக் கொடியை வைத்து எல்லா வீட்டையும் நினைக்காதீர்கள். பாப்பா, நீயும் துணி என்றாலே அவமானம் என்று சொல்லாதே. துணிதான் வசதி என்று எங்களிடம் கேட்டு வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எது வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்போம்.

கொச்சியில் வேலை செய்யும் தமிழர்: இந்தச் சண்டையே வேண்டாம், நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிலக்குக் கப் கொடுங்கள். இங்கே கொச்சிப் பக்கம் கும்பளங்கியில் ஊருக்கே கொடுத்தார்களே?

கொடுத்தார்கள், 2022-ல். அதற்கு முன் 2019-ல் ஆலப்புழையிலும் 5,000 கப் கொடுத்தார்கள். ஆனால் கும்பளங்கியில் வாங்கியவர்கள் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்கள். முதலில் உட்காரவைத்து விளக்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். கப் நல்ல பொருள், பல வருஷம் வரும். பதிமூன்று வயதுப் பிள்ளையிடம் வெறும் பெட்டியை நீட்டிவிட்டு வந்தால் அது பரண் மேல்தான் கிடக்கும்.

துணியா, நாப்கினா, கப்பா என்று இதற்குப் பிறகும் பதினோரு கேள்விகள் வந்திருக்கின்றன. மேலே உள்ளதுதான் என் பதில்.

திருப்பூர்: நல்ல பிராண்டு ஒன்று சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள்.

கரூர், நன்கொடையாளர்: படம் இல்லாமல் கணக்கு எப்படிக் காட்டுவது?

கடை பில், தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது. இது போதும் சார். நாப்கின் பாக்கெட்டோடு நிற்கிற பிள்ளையின் படம் ஊருக்குள் சுற்றினால் அவள் மறுநாள் பள்ளிக்கு வர மாட்டாள்.

நாமக்கல்: என் மகளுக்குப் பன்னிரண்டு நாளாக நிற்கவில்லை. என்ன மாத்திரை?

மாத்திரையை நான் சொல்லக் கூடாது. ஏழு நாளைத் தாண்டினாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்றே கூட்டிப் போங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம்: புயல் நிவாரணத்தில் நாப்கின் சேர்க்கச் சொன்னால், சோறுதான் முக்கியம் என்கிறார்கள்.

முகாமில் நூறு பெண்கள் இருந்தால், அன்றைக்குப் பத்துப் பதினைந்து பேருக்காவது மாதவிலக்கு இருக்கக்கூடும். அரிசியோடு சேர்த்தே இதையும் ஏற்றுங்கள். நாப்கின், இரண்டு ஜட்டி, சோப்பு, பழைய செய்தித்தாள், ஒரு டார்ச். இருட்டில் ஒதுங்கப் போகிறவளுக்கு டார்ச் நாப்கின் அளவுக்கு முக்கியம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கம், வயசுக்கு வந்த ஒரு சிறுமியைத் தீட்டு என்று வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்கவைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசை மேல் விழுந்து அவள் இறந்துபோனாள். அந்தச் செய்தி வந்த நாள் முதல், நாப்கின் கொடுக்கப் போகிற எந்த ஊரிலும் தாய்மார்களோடு கால் மணி நேரமாவது பேசாமல் நான் திரும்புவதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் தீட்டுப் பார்க்காமல் பிள்ளையை வீட்டுக்குள் படுக்கவையுங்கள் என்று வாய்விட்டே கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

ஈரோடு: பிராண்டு...

மக்கள் மருந்தகம். சுவிதா. படம் எடுக்காதீர்கள்.

மீண்டும் ஓசூர்: அக்கா, பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். 212 பெண் பிள்ளைகளுக்கு நாலு கழிவறை. மூன்றில் தாழ்ப்பாள் இல்லை. தோழியைக் காவல் நிறுத்திவிட்டுப் போகிறார்களாம்.

அப்படியானால் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, இந்தச் சனிக்கிழமையே தச்சரைக் கூட்டிப் போய் மூன்று தாழ்ப்பாளையும் போட்டுவிடுங்கள் தம்பி. உட்பக்கம், சின்னப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில். கூடவே மூடியுள்ள தொட்டி நாலு வாங்குங்கள். ஜட்டி அளவைக் கேட்க ஓர் ஆசிரியையைப் பொறுப்பாக்குங்கள். நாப்கின் அடுத்த மாதம் போகட்டும்.