பாதி முடிந்த பாலத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்

கேள்வி: வீட்டில் சின்னதாக மாதிரி ரயில் லேஅவுட் ஒன்று (தண்டவாளம், ஸ்டேஷன் எல்லாம் வைத்த சின்ன ரயில் அமைப்பு) செய்துவருகிறேன். இதே பைத்தியம் பிடித்தவர்களுடன் படங்களைப் பகிர ஆசை, ஆனால் இன்னும் ஒழுங்காக வரவில்லையே என்று கூச்சமாக இருக்கிறது. எப்படிப் படம் எடுப்பது, எதை அனுப்புவது?

அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. மட்டக்களப்பு கல்லடியில், கழற்றிப் போட்ட ஒரு பழைய கதவின்மேல் செய்ததுதான் என் லேஅவுட். முதல் ஒரு வருடம் வீட்டாரைத் தவிர யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்த வருடத்து வேலையில் பாதியைக் கழற்றி எறிய வேண்டி வந்திராது.

லண்டனில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது ஓஓ அளவு இஞ்சின் ஒன்றும் கொஞ்சம் தண்டவாளமும் கொண்டுவந்து தந்தார். ஓஓ (OO) என்றால் ஓர் அடிக்கு 4 மி.மீ. கணக்கு, அதாவது நிஜத்தில் ஓர் அடி இருப்பது மாதிரியில் 4 மி.மீ. அந்தக் கணக்கிலேயே நம்முடைய உதயதேவி ரயில் மாதிரி ஐந்து பெட்டிகளை அட்டையில் வெட்டி ஒட்டினேன். பக்கவாட்டில் எடுத்த படங்களில் எல்லாம் வடிவாகத்தான் இருந்தன. ஒரு நாள் நேர் முன்னால் இருந்து எடுத்த படம் ஒன்றை, இதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவருக்கு அனுப்பினேன். "என்ன தம்பி, யானைக்குக் கொக்குக் கால் வச்ச மாதிரி நிக்குது?" என்று பதில் வந்தது.

விஷயம் இதுதான். இலங்கையின் அகலப்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மி.மீ. ஓஓ கணக்கில் அதற்கு 22 மி.மீ. அகலத்தில் தண்டவாளம் வேண்டும். என்னிடம் இருந்ததோ 16.5 மி.மீ. வழியையும் அவரே சொன்னார்: "தண்டவாளத்த மாத்தாத, பெட்டிய மாத்து. அடிக்கு 3 மி.மீ. போட்டுப் பார்." ஐந்தரையை மூன்றால் பெருக்கினேன், 16.5! பிரித்தானியாவில் டிடி (TT) என்ற பெயரில் முன்பு ஓடிய பழைய அளவு அது. நம் ஊர்ப் பாதைக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. இஞ்சினின் அடிப்பாகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேல்கூட்டையும் ஐந்து பெட்டிகளையும் புதிதாகச் செய்தேன். அளவு குறைந்ததால் பிளாட்பாரத்தில் ஒரு பெட்டி கூடுதலாகவே நிற்கிறது, அது தனி லாபம்.

அதனால் என் முதல் புத்தி: அழகான கோணத்தில் ஒன்று எடுத்தால், குறை தெரிகிற கோணத்தில் இரண்டு எடுங்கள். நேர் முன்னால், நேர் மேலே. பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியோ அடிமட்டமோ இருக்கட்டும். பார்ப்பவருக்கு அளவு பிடிபட்டால்தான் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

இன்னொரு படம் என் பணத்தையே காப்பாற்றியது. தண்டவாளத்துக்கு அடியில் சல்லிக்குப் பதிலாக வீட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை மணலைச் சலித்து ஒட்டியிருந்தேன். காசில்லாத வேலை. ஒரு மாதத்தில் இஞ்சின் முனகத் தொடங்கியது. சக்கரத்தைக் கிட்டவைத்து எடுத்து அனுப்பிய படத்தில், மோட்டாரைச் சுற்றிக் கறுப்பாக மயிர் முளைத்த மாதிரி ஏதோ தெரிந்தது. "காந்தம் வச்சுப் பாத்தியா மணலுக்கு?" என்று ஒருவர் கேட்டார். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மணலுக்குள் விட்டேன், கருமணல் கொத்தாக ஏறியது. புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளுகிறார்களே, அந்த மாதிரி இரும்பு கலந்த மணல். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அதைச் சும்மா விடுமா? போதாததற்கு உப்பு வேறு. இப்போது கருங்கல் தூளைத் தேத்தண்ணி வடியில் சலித்துப் போடுகிறேன். அதையும் காந்தம் காட்டாமல் ஒட்டுவதில்லை.

இனி அழகான படம் எடுக்கும் முறைக்கு வருவோம். நல்ல கேமரா தேவையில்லை, போனே போதும். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பலகையில் வையுங்கள், லென்ஸ் தரையோடு வந்துவிடும். என் அளவில் ஓர் ஆள் 17 மி.மீ. உயரம்தான். அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எடுத்தால்தான் ரயில் ரயிலாகத் தெரியும். நின்றுகொண்டு மேலே இருந்து எடுத்தால் விளையாட்டுச் சாமான் படமாகத்தான் இருக்கும். மிகக் கிட்டப் போகாமல் ஓர் அடி தள்ளி எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டுங்கள். பிளாஷ் வேண்டாம், காலை நேரத்து ஜன்னல் வெளிச்சம் போதும். பின்னால் பூப்போடாத வெளிர்நீலப் படுக்கை விரிப்பு. அப்புறம், மின்விசிறியை நிறுத்துங்கள். நான் கடதாசியில் செய்த பனைகள் எத்தனையோ படங்களில் புயலில் ஆடியிருக்கின்றன.

வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, ஆணி, திருகெல்லாம் கரைந்துபோகும். டொக்கியுமென்டாக அனுப்புங்கள். ஆனால் அப்படி அனுப்பும்போது, எடுத்த இடம் படத்தில் பதிந்திருந்தால் அதுவும் கூடவே போகும். போன் கேமராவில் இடம் பதிவதை முதலில் நிறுத்திவிடுங்கள். வீடு எங்கே இருக்கிறது என்பது ரயில் பார்க்க வருபவருக்குத் தேவையில்லை.

கடைசியாக ஓட்டமாவடிப் பாலம். அந்த இரும்புப் பாலத்தைச் செய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. பாதியில் நிற்கும்போதே, அந்த ஊரில் பிறந்து வளர்ந்த காக்கா (முஸ்லிம் அண்ணர்) ஒருவருக்குப் படம் அனுப்பினேன். "தம்பி, பாலம் வடிவாத்தான் இருக்கு. இதுல பஸ் எங்கால போற?" என்றார். நான் பார்த்துச் செய்ததெல்லாம் அண்மைக்காலப் படங்கள். 2010இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பழையதில் ரயில் மட்டும்தான் ஓடுகிறது. ஆனால் நான் செய்ய நினைத்தது பழைய காலத்தை. அப்போது ரயிலும் பஸ்ஸும் மாட்டு வண்டியும் அந்த ஒரே பாலத்தால்தான் போயின. ரயில் வரும்போது மற்றவை கரையில் காத்து நிற்கும். யுத்த காலத்தில் பாலத்துக்கு நேரே கேமராவைத் தூக்கத் துணிந்தவர்கள் குறைவு, ஆகவே அந்தக் காட்சிக்குப் படம் கிடைப்பது கஷ்டம். அவர் நினைவில் இருந்ததைத்தான் கேட்டுக் கேட்டுச் செய்தேன். தண்டவாளத்தோடு மட்டமாக றோட்டு போட்டேன், கேட் வைத்தேன், கேட்டுக்கு வெளியே ஒரு பஸ்ஸையும் நிறுத்தினேன்.

முடித்து அனுப்பிய படத்துக்கு மறுநாள் பதில் வந்தது: "சரி தம்பி. பஸ் நிக்கிது. கச்சான் விக்கிற பொடியன் எங்க?" இப்போது அவனைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஒன்றேகால் சென்ரிமீற்றர் உயரத்தில். தலையில் இருக்கும் கச்சான் (வேர்க்கடலை) தட்டு மூன்று தடவை விழுந்துவிட்டது.