வோமடிலெய்டுக்குத் தனியாகவே போங்கள், தம்பி

"ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறேன், மார்ச்சில் இங்கே பொட்டானிக் பார்க்கில் நடக்கும் வோமடிலெய்டு இசை நடன விழாவுக்கு அவ்வளவு காசு கொடுத்துத் தனியாகப் போகலாமா, நம் ஆட்கள் வருவார்களா" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போங்கள். நாலு நாளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம், ஒரு நாள் போதும். ஆனால் முகம் தெரியாத ஆள் ஃபேஸ்புக்கில் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் பணம் அனுப்பிவிடாதீர்கள். என்னோடு அறையில் இருந்த பையன் வாடகை முன்பணத்தை அப்படித்தான் பறிகொடுத்தான்.

அப்புறம் வெயில். நம் ஊர் வெயிலையே பார்த்தவன் என்று அசட்டையாக இருக்காதீர்கள். இங்கே காற்று உலர்ந்தது, வியர்வை உடனே காய்ந்துவிடும், தோல் வேகுவதே தெரியாது. ராத்திரி குளிரும். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில், ஒரு ஸ்வெட்டர் எல்லாம் வேண்டும். பெரிய அத்தி மரங்களின் நிழலில் இடம் பிடியுங்கள். அந்தப் பூங்காவில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கும். கடும் வெயிலில் மயங்கிக் கீழே விழுவதும் உண்டு. பாவம் என்று கையில் எடுக்காதீர்கள். அது கடித்தாலோ கீறினாலோ உயிருக்கே ஆபத்தான வைரஸ் தொற்றலாம். ஊழியர்களிடம் சொன்னால் போதும்.

நம் ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம். 1992இல் தொடங்கிய விழா இது, 2003 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. முதல் விழாவிலேயே பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கான் பாடினார். 2010இல் ரவிசங்கர் சிதார் வாசித்தார். இங்கேயே வீடு வாசல் என்று வேரூன்றியவர்கள் "வெள்ளைக்காரன் குடித்துவிட்டு ஆடுகிற இடம்" என்று ஒதுக்குகிறார்கள். சங்கத்துப் பொங்கல் விழாவைத் தாண்டி ஒரு அடி வைக்காமல், இந்த ஊர் ஒட்டவே இல்லை என்றும் அவர்களேதான் புலம்புவார்கள்.

நான் வந்த புதிதில் வேலை, அறை, திரும்ப வேலை என்று பேச்சுத் துணையின்றிக் கிடந்தேன். அந்த மார்ச்சில் இந்த விழாவில்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல்காரர்களுடைய சபார் மேளத்தைக் கேட்டேன். ஒரு கையில் குச்சி, மறு கை வெறுங்கை. நம் தவில்காரர் கூடுமாட்டிய விரல்களும் குச்சியுமாக வாசிப்பது கண்முன் வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நிற்கிற மாதிரியே இருந்தது. கால் தானாக ஆடியது. பக்கத்தில் ஆடிய சூடான் நாட்டு அம்மா, எந்த ஊர் என்று கேட்டார். அடிலெய்டில் வேலைக்கு அப்பால் என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குப் பிறகு எந்த வருடமும் நான் தவறவிட்டதில்லை.

பகுதிநேர வேலை, வாடகை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் விழாவுக்கு மத்தியானமே போய்விடுங்கள். கலைஞர்கள் தங்கள் ஊர்ச் சமையலைச் செய்து காட்டிக் கதை பேசும் 'டேஸ்ட் த வேர்ல்ட்' மேடையில் முன்னால் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும்.