பெரிய எண்களில் தேதி காட்டும் கடிகாரம்: எந்த இரவில் தவறுகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: பென்னாகரத்தில் வசிக்கும் நான் தபால் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். பார்வை மங்கிவிட்டதால், ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன் பெரிய எண்களில் தேதி காட்டும் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கித் தந்தான். 9, 19 ஆகிய தேதிகளின் இரவுகளில் மட்டும் எண்கள் பாதி மேலும் பாதி கீழுமாக நின்றுவிடுகின்றன. மற்ற நாட்களில் ஒழுங்காக மாறுகின்றன. ஒருமுறை இரவு பத்தரை மணிக்குச் சாவியைத் திருகிச் சரிசெய்ய முயன்றேன். இறுக்கமாக இருந்ததால் விட்டுவிட்டேன். சில மாதங்களில் ஒன்றாம் தேதியன்று 31 என்று காட்டுகிறது. இவையெல்லாம் பழுதா, இந்த வகைக் கடிகாரத்தின் இயல்பா?

பதில்: ஒன்றாம் தேதியன்று 31 காட்டுவது பழுதே அல்ல. எண்கள் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் பழுதாக இருக்காது. அதைக் கடிகாரத்தைத் திறக்காமலேயே சோதித்துவிடலாம். இரவு பத்தரை மணிக்குச் சாவியைத் திருகியது மட்டும் இனி செய்யக் கூடாதது. இறுக்கமாக இருந்ததும் விட்டுவிட்டீர்களே, அது மிகவும் நல்லது. எந்தெந்த இரவில் தவறுகிறது என்பதையும் நீங்களே குறித்து எழுதியிருக்கிறீர்கள். பழுது பார்ப்பவனுக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. காரணம் புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சாதாரணக் கடிகாரத்தில் டயலுக்கு அடியில் 1 முதல் 31 வரை அச்சிட்ட ஒரே ஒரு வளையம் இருக்கும். மணி முள் ஒரு நாளில் இருமுறை சுற்றுவதால், அதனுடன் இணைந்த ஒரு பற்சக்கரம் வேகத்தைப் பாதியாக்கி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. அதிலுள்ள ஒரு விரல் நள்ளிரவையொட்டி அந்த வளையத்தை ஒரு பல் தள்ளிவிடுகிறது. எண் சாளரத்தின் நடுவில் நிற்பதற்காக, மூக்குப் போன்ற ஒரு சிறு வில் (ஸ்பிரிங்) பற்களுக்கு இடையில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. எளிமையான, நீண்ட நாள் உழைக்கும் அமைப்பு இது. இதன் ஒரே குறை இடம். எண்கள் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு ஏறத்தாழ 69 மில்லிமீட்டர். அதை 31 பேருக்குப் பங்கிட்டால் ஒரு தேதிக்கு 2.2 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். அதற்குள் இரண்டு இலக்கங்கள் அடங்க வேண்டும். ரோலெக்ஸ் போன்ற நிறுவனங்கள் கண்ணாடியின் மேல் சிறு லென்ஸ் ஒட்டி எண்ணைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. ஆனால் நேராகப் பார்த்தால்தான் அது பயன்படும், சாய்த்துப் பார்த்தால் எண் நழுவிவிடும்.

உங்கள் கடிகாரத்தில் இருப்பது வேறு வழி. தபால் நிலையத்தில் தினமும் காலையில் தேதி முத்திரையை மாற்றிய உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பத்தாம் இடத்து இலக்கத்துக்கு ஒரு தட்டு, ஒன்றாம் இடத்து இலக்கத்துக்கு இன்னொரு தட்டு. ஒன்றாம் இடத்துத் தட்டில் 0 முதல் 9 வரை பத்தே எண்கள். எண்களின் வட்டம் 9 மில்லிமீட்டர் விட்டம் மட்டுமே கொண்டிருந்தாலும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் 2.8 மில்லிமீட்டர் கிடைக்கிறது. முழுத் தேதிக்குக் கிடைத்த இடத்தைவிட இது அதிகம். பத்தாம் இடத்துக்குரியது பெரும்பாலும் சிலுவை வடிவில் இருக்கும்; அதன் நான்கு கைகளில் 1, 2, 3 என்ற எண்களும் ஒரு வெற்றிடமும் உண்டு. சிலுவையின் கை தட்டின் மேல் படிந்து நிற்பதால், உற்றுப் பார்த்தால் ஓர் இலக்கம் மற்றதைவிட மயிரிழை ஆழத்தில் தெரியும், அதுவும் குறையல்ல. இரண்டு சாளரங்களுக்கும் நடுவில் உள்ள சட்டம் அந்த வேறுபாட்டைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. இரண்டையும் ஒரே மையத்தில், ஒரே மட்டத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து அந்தச் சட்டம் இல்லாமலே காட்டும் கடிகாரங்களும் உண்டு.

இந்த அமைப்பை உலகறியச் செய்தது ஜெர்மனியின் கிளாஷூட்டே ஊரைச் சேர்ந்த ஆ. லாங்கே உண்ட் ஸோனே நிறுவனம் 1994 அக்டோபர் 24 அன்று டிரெஸ்டன் நகரில் அறிமுகம் செய்த ‘லாங்கே 1’ கடிகாரம். டிரெஸ்டன் ஓப்பரா அரங்கின் மேடைக்கு மேலே, முட்கள் இல்லாமல் இரண்டு சாளரங்களில் எண்களால் நேரம் காட்டும் கடிகாரமே அதற்கு முன்மாதிரி. அறிமுக நாளில் வைத்திருந்த கடிகாரங்களில் தேதியை 25 என்று அமைத்திருந்தார்கள். செய்தித்தாள்களில் படம் மறுநாள்தானே வரும் என்பது அவர்கள் கணக்கு. அந்த முன்யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

இனி உங்கள் கேள்வியின் உயிர்நாடிக்கு வருகிறேன். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டரில் 9 முடிந்து 0 வரும்போது ஒன்றாம் இடம் தானே பத்தாம் இடத்தைத் தள்ளிவிடும். தேதிக்கு அந்த முறை ஒத்துவராது. ஏனெனில் 31-க்குப் பிறகு 32 வரக் கூடாது, 1 வர வேண்டும். ஆகவே இரண்டு தட்டுகளுக்கும் பின்னால், நாளுக்கு ஓர் அடி வீதம் 31 நாளில் ஒரு சுற்று முடிக்கும் சக்கரம் ஒன்று நின்று கட்டளையிடுகிறது. அதன் ஓர் அடுக்கில் 31 இடங்களுக்கு 30 பற்கள் மட்டுமே இருக்கும்; 31 மறைந்து 1 வரும்போது ஒன்றாம் இடத்து 1 அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு பல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இன்னோர் அடுக்கில் நான்கே பற்கள். அவை 9, 19, 29, 31 ஆகிய தேதிகளின் இரவில் மட்டும் சிலுவையைத் திருப்பும். கணக்கிட்டால், மாதத்தில் 27 இரவுகளில் ஒன்றாம் இடம் மட்டும் நகர்கிறது, ஓர் இரவில் பத்தாம் இடம் மட்டும் நகர்கிறது, மூன்றே இரவுகளில் இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. உங்கள் கடிகாரம் தடுமாறும் 9, 19 இரண்டும் அந்த மூன்று இரவுகளில் அடங்கும்.

அந்த இரவுகளில் இரண்டு தட்டுகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் இரண்டு விற்களையும் ஒரே நேரத்தில் வெல்ல வேண்டியிருப்பதால் கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின்ஸ்பிரிங்கின் மேல் சுமை கூடுகிறது. ஆட்டோமேட்டிக் கடிகாரம் கையசைவால் சாவி ஏறுவது. ஓய்வாக வீட்டில் இருப்பவரின் கையில் அது முழுமையாக ஏறுவதில்லை. 27 இரவுகளுக்குப் போதுமான விசை இந்த மூன்று இரவுகளுக்குப் போதாமல் போகிறது. அடுத்த 9 அல்லது 19-ஆம் தேதி மாலையில், சாவியை வெளியே இழுக்காமல், அப்படியே முன்னோக்கி முப்பது சுற்று மெதுவாகத் திருகிவிட்டு (கையால் சாவி ஏறாத மாடலாக இருந்தால் அன்று பகல் முழுவதும் கையில் கட்டிக்கொண்டு நடமாடிவிட்டு) மறுநாள் காலையில் பாருங்கள். 10 அல்லது 20 நேராக நின்றால் பழுது எதுவும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை அவ்வாறு சாவி கொடுத்து வாருங்கள். முழுச் சாவி இருந்தும் பாதியில் நின்றால் எண்ணெய் காய்ந்திருக்கலாம், அல்லது வில்லின் இழுவிசை மாறியிருக்கலாம், சர்வீஸ் தேவை. ஆனால் மெதுவாகத் தேதி மாற்றும் கடிகாரங்களில் நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் எண் பாதியாகத் தெரிவது வழக்கமே. காலை வரை அப்படியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

தவறு வேறு இரவுகளில் நடந்தால் காரணமும் வேறு. எல்லா இரவுகளிலும் தடுமாறினால் தள்ளும் விரலையோ அதன் சக்கரத்தையோ பார்க்க வேண்டும். 31-ஆம் தேதி இரவில் மட்டும் தவறினால் சிலுவையின் பக்கம் பார்க்க வேண்டும். 19-க்குப் பிறகு 10 வந்தாலோ, 14-க்குப் பிறகு 25 வந்தாலோ, தட்டுகள் கட்டளைச் சக்கரத்தோடு ஒத்திசைவு இழந்துவிட்டன என்று பொருள். வெளியிலிருந்து எவ்வளவு திருகினாலும் அது சரியாகாது.

அந்த நிலைக்குக் கொண்டுபோகும் பழக்கம்தான் இரவில் தேதியைத் திருத்துவது. ஏறத்தாழ இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தள்ளும் விரல் பற்களுக்குள் நுழைந்து நிற்கும். அப்போது நீங்களும் வேறு வழியாகத் தள்ளினால் விரலோ பல்லோ வளையும், உடையவும் கூடும். நீங்கள் உணர்ந்த இறுக்கம் அதுதான். இனித் திருத்தும்போது முதலில் முட்களை முன்னோக்கி நகர்த்தித் தேதி மாறுகிறதா என்று பாருங்கள். மாறிய கணம் நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 மணி வரை கொண்டுசென்று, அங்கே நேற்றைய தேதியை வையுங்கள். பிறகு முட்களை முன்னோக்கியே சுற்றி இன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் வாருங்கள். நள்ளிரவைத் தாண்டிப் பின்னோக்கிச் சுற்ற வேண்டாம்.

ஒன்றாம் தேதியன்று 31 காட்டுவதற்குக் காரணம், கட்டளைச் சக்கரத்துக்கு 31 நாள் மாதம் மட்டுமே தெரியும் என்பதுதான். ஆண்டுக்கு ஐந்து முறை, அதாவது மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் மாதங்களின் முதல் நாளில், நீங்கள்தான் திருத்த வேண்டும். மார்ச் 1 அன்று அது 29 என்று காட்டும். மூன்று முறை தள்ள வேண்டும், லீப் ஆண்டாக இருந்தால் இரண்டு முறை. மற்ற நான்கு மாதங்களில் ஒரு முறை போதும். இதைக் காலை உணவுக்குப் பின் செய்துகொள்ளுங்கள்.

சோதனைக்குப் பிறகும் சரியாகாவிட்டால் ஓசூருக்குக் கொண்டுசெல்லுங்கள். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசு நிறுவனமான டிட்கோவும் 1984-இல் தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை அங்கே இருப்பதால் கடிகார வேலை தெரிந்தவர்கள் அந்த ஊரில் கிடைப்பார்கள். ஆனால் பேட்டரிக் கடிகாரம் பார்ப்பவர் எல்லாரும் இதைப் பார்க்க முடியாது. தேதிப் பகுதி டயலுக்கு அடியில் இருப்பதால் முட்களையும் டயலையும் கழற்றியாக வேண்டும். இரட்டைத் தட்டுத் தேதியை முன்பு பிரித்துக் கோத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது, எந்தெந்தத் தேதி இரவில் நின்றது, காலையில் சாளரங்களில் என்ன தெரிந்தது, அன்று சாவி கொடுத்திருந்தீர்களா என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சேர்த்துக் கொடுத்தால், டயலைக் கழற்றும்போதே எந்த வில்லை முதலில் பார்ப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.