மிசோ கடைசியில்தான்: மிசோ சூப் கேள்வி பதில்

நான் இருப்பது ஜப்பானின் நாகானோ மாநிலத்தில். மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் உப்பு விழுது. நாட்டில் தயாராகும் மிசோவில் ஏறக்குறைய பாதி இங்கிருந்துதான் போகிறது. அதனாலோ என்னவோ, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

கே: அக்கா, நல்ல விலை கொடுத்து மிசோ வாங்கி வெந்நீரில் கரைத்துக் குடித்தேன். உப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஹோட்டலில் குடித்த ருசி ஏன் வரவில்லை?

வெந்நீர்தான் காரணம். மிசோ விழுவதற்கு முன்பே அந்தத் தண்ணீரில் ருசி இறங்கியிருக்க வேண்டும். அந்தச் சாறுக்குப் பெயர் தாஷி. மிசோவுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு தாஷியைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எந்த ஊர் மிசோவும் கைகொடுக்காது. மட்டமான மிசோவைக்கூட நல்ல தாஷி தூக்கி நிறுத்திவிடும்.

1 லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கொம்பு என்கிற உலர்ந்த கடற்பாசி, 20 கிராம் கட்ஸுவோபுஷி என்கிற சூரை மீன் சீவல். கொம்பின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது அழுக்கல்ல, அதிலிருந்தே வெளிவந்து படிந்த மானிட்டால். கழுவிவிடாதீர்கள்; ஈரத் துணியால் லேசாகத் துடைத்தால் போதும். குறைந்தது அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். முதல் நாள் இரவே ஊறப்போட்டால் இன்னும் நல்லது. பிறகு சிறு தீயில் ஏற்றி, பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ் எழும்பியதும் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் வழவழப்பும் கடல் வாடையும் இறங்கிவிடும். அடுத்து, தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து மீன் சீவலைப் போடுங்கள். அது மெல்ல அமிழும். ஒன்றிரண்டு நிமிடத்தில் துணியில் வடித்துவிடலாம். துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், சாறு கலங்கிக் கசக்கும்.

கே: கடற்பாசி, மீன் இரண்டும் எதற்கு? ஏதாவது ஒன்று போதாதா?

ஒன்றை மட்டும் வைத்தும் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் இரண்டும் சேரும்போது ருசி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. 1908-ல் தோக்கியோவில் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913-ல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா, கட்ஸுவோபுஷியின் ருசிக்குக் காரணம் இனோசினேட் என்று கண்டார். இந்த இரண்டு வகைப் பொருளும் ஒன்றையொன்று பலமடங்கு தூக்கிவிடுகின்றன என்பதை 1950-களின் பிற்பகுதியில் விளக்கியவர் அகிரா குனினாகா. காய்ந்த ஷீடாக்கே காளானில் உள்ள குவானிலேட்டும் இதே வேலையைச் செய்யும். அடுத்த கேள்விக்கு அது உதவும்.

கே: எங்கள் வீட்டில் சுத்த சைவம். மீன் இல்லாமல் சரியாக வருமா?

தாராளமாக. ஜப்பானியப் பௌத்த மடங்களில் ‘ஷோஜின்’ என்ற சைவச் சமையல் பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பையும் மூன்று நான்கு காய்ந்த ஷீடாக்கேயையும் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெந்நீரில் ஊறப்போட்டு அவசரப்படுத்தாதீர்கள். காளானுக்குக் குளிர்ந்த நீரும் நேரமும்தான் வேண்டும். ருசி வெளிப்படுவது பிறகு சூடாக்கும்போது.

ஒரு எச்சரிக்கை. ‘தாஷி கலந்த மிசோ’ என்றே தனியாக விற்கிறார்கள். அதில் பெரும்பாலும் மீன் இருக்கும். உடனடி தாஷித் தூள்களிலும் அப்படியே. முகப்பில் டோஃபு படம் இருப்பதை நம்பாமல் உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். ஹோட்டலில் வரும் மிசோ சூப்பையும் கேட்காமல் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கே: யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறன் அக்கா. கட்ஸுவோபுஷி இங்க கிடைக்காது. சம்பலுக்குப் போடுற மாசி இருக்கு, அது சரி வருமோ?

அருமையான கேள்வி. மாசியும் கட்ஸுவோபுஷியும் ஒரே சூரை மீன்தான். இரண்டையும் அவித்து, புகையூட்டி, காய வைக்கிறார்கள். ஜப்பானில் உயர்ரகத்துக்கு மட்டும் அதன் பிறகு பூஞ்சை படியவிட்டு வெயிலில் காய வைப்பதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மரக்கட்டை போல இறுகிப்போகும் அதைக் காகிதம் போலச் சீவுவதால்தான் ஒரு நிமிடத்தில் ருசி இறங்குகிறது.

மாசி தடித்த துண்டு, அதனால் நேரம் கூட வேண்டும். இடித்து மெல்லிய துணியில் முடிந்து ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். புகை வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். வடித்த சாற்றை ருசி பார்த்து, உப்பு ஏறியிருந்தால் மிசோவைக் குறையுங்கள்.

நெத்திலிக் கருவாடு பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். ஜப்பானிலும் நெத்திலி இனத்துச் சிறு மீனில் தாஷி உண்டு, நிபோஷி என்பார்கள். வீட்டு மிசோ சூப்புக்குக் கட்ஸுவோபுஷியை விட இதுதான் பொருத்தம் என்று சொல்லும் குடும்பங்கள் நிறைய. தலையையும் வயிற்றுப் பகுதியையும் கிள்ளி எறிந்துவிட்டு ஊறவைத்துக் கொதிக்கவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். ஆனால் நிபோஷி, பிடித்தவுடன் அவித்துக் காய வைத்தது. பச்சையாக உப்பில் போட்டு மணலில் காய வைத்த கருவாட்டின் வாடை மிசோவையே மூழ்கடித்துவிடும்.

கே: வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று கடையில் விதவிதமாக இருக்கிறது. எதை வாங்குவது?

முதல் முறையென்றால் நாகானோவின் ஷின்ஷூ மிசோ. இளமஞ்சள் நிறம், எதோடும் ஒத்துப்போகும். எங்கள் ஊர்ப் பெருமையாக எடுத்துக்கொண்டாலும் சரி.

மிசோ என்பது சோயா, உப்பு, கோஜி இந்த மூன்றும்தான். கோஜி என்பது அரிசி, பார்லி அல்லது சோயாவின் மேலேயே ‘ஆஸ்பெர்கில்லஸ் ஒரைசே’ என்ற பூஞ்சையை வளர்த்தெடுத்தது. எதன்மேல் வளர்த்தார்கள், எவ்வளவு உப்பு, எத்தனை மாதம் என்பதில்தான் எல்லா வித்தியாசமும். கியோட்டோவின் சாய்க்யோ மிசோவில் அரிசிக் கோஜி அதிகம், உப்பு 5 சதவீதம் அளவுக்குத்தான்; சில வாரங்களிலேயே தயார். இனிக்கும். அங்கே புத்தாண்டுக்கு மோச்சி என்ற அரிசிக் கொழுக்கட்டை போட்டு வைக்கும் சூப் இதில்தான். சென்டாய் மிசோ சிவப்பு, நன்றாக ஊறியது, உப்பும் கூடுதல். கியூஷூ பக்கம் பார்லி மிசோ. கோதுமை, பார்லி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

கறுப்பாக இருப்பது அநேகமாக ஹாச்சோ மிசோ. ஐச்சி மாநிலத்தில் ஓகாசாக்கி கோட்டைக்கு மேற்கே எட்டு ‘சோ’, அதாவது சுமார் 870 மீட்டர் தூரத்தில் இருந்த ஊரில் பிறந்தது. அரிசியும் இல்லை, பார்லியும் இல்லை; சோயாவும் உப்பும் மட்டும். ஆளுயர மரத் தொட்டியில் நிரப்பி, ஏறத்தாழ 3 டன் ஆற்றுக் கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடையும் இரண்டு குளிர்காலமும் தாண்டும்வரை விட்டுவிடுகிறார்கள். கல் அடுக்குவதே ஒரு தனிக் கலை. லேசான கசப்பும் புளிப்பும் உள்ள அழுத்தமான ருசி. முதல் மடக்கிலேயே எல்லோருக்கும் பிடித்துவிடாது. சிப்பிக்கும் கத்தரிக்காய்க்கும் இதற்கு நிகர் இல்லை. சாய்க்யோவில் கொஞ்சம் கலந்து பாருங்கள். இப்படி இரண்டு ஊர் மிசோவைக் கலப்பது இங்கே சர்வ சாதாரணம்.

கே: மிசோ போட்டபின் கொதிக்கவே கூடாது என்கிறார்களே, நல்ல பாக்டீரியா செத்துவிடும் என்றா?

பாக்டீரியாவை விடுங்கள். கடையில் கிடைக்கும் பல மிசோக்கள் ஏற்கெனவே சூடுபடுத்தப்பட்டவை. அப்படி இல்லாவிட்டாலும், வாய் சுடும் சூப்பில் அவை பிழைப்பது சந்தேகம். கொதிக்கவிடாததற்குக் காரணம் மணம். மிசோவின் மணம் ஆவியோடு பறந்துவிடும், சூப்பும் மணல் மணலாகத் திரிந்துபோகும். ரசத்தை நுரை கட்டும்போது இறக்குகிறோமே, அந்தக் கைப்பக்குவம்தான் இதற்கும்.

காய்கள் வெந்ததும் அடுப்பை அணையுங்கள். ஒரு கிண்ணத்துக்கு 160 மில்லி தாஷி, 2 டீஸ்பூன் மிசோ, அதாவது சுமார் 12 கிராம். இது ஷின்ஷூவுக்கு. சாய்க்யோ என்றால் இரட்டிப்பு வேண்டும். சின்ன வடிகட்டியில் மிசோவை எடுத்து, தாஷியில் பாதி முங்கவிட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்துக் கரையுங்கள். மறுபடி சிறு தீயில் வைத்து, விளிம்பில் முதல் அசைவு தெரிந்ததும் இறக்குங்கள்.

கே: டோஃபு, வகாமே கடற்பாசி தவிர வேறு என்ன போடலாம்?

ஏறக்குறைய எதையும். முள்ளங்கி, உருளைக்கிழங்கு, பூசணி போன்றவற்றை தாஷி ஆறியிருக்கும்போதே போட்டுச் சூடேற்றுங்கள். டோஃபு கடைசியில், மிசோவுக்குச் சற்று முன்பு. உலர்ந்த வகாமே ஊறினால் பல மடங்கு பெருகும், ஆளுக்கு ஒரு சிட்டிகை போதும். கைப்பிடி அள்ளிப் போட்டால் குடிப்பதற்குச் சூப் மிஞ்சாது. வெங்காயத்தாள் கிண்ணத்தில் ஊற்றியபின். பொரித்த டோஃபு என்றால் அதன்மேல் வெந்நீர் ஊற்றி எண்ணெயைப் போக்கிவிட்டு நறுக்குங்கள்.

ஷிமானே மாநிலத்தின் ஷின்ஜி ஏரியில் பிடிக்கும் ஷிஜிமி என்ற கறுப்புச் சிறு மட்டிக்கு மீன் சீவலே வேண்டாம். பச்சைத் தண்ணீரில் மட்டியைப் போட்டு மெல்லச் சூடாக்கினால் அதுவே தாஷி. வெயில் கொளுத்தும் மியாசாக்கியில் ‘ஹியாஜிரு’ என்று மிசோவைச் சுட்டு, சுட்ட மீனும் எள்ளும் சேர்த்து அரைத்து, குளிர்ந்த சாற்றில் கரைத்து, வெள்ளரிக்காய் போட்டுச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். நம் ஊர் வெயிலுக்கு இதைத்தான் முதலில் சிபாரிசு செய்வேன்.

ஒரு கிண்ணத்தில் இரண்டு, மூன்று பொருளுக்கு மேல் வேண்டாம். பன்றி இறைச்சியும் கிழங்குகளும் நிறையப் போடும் தோன்ஜிரு மட்டும் விதிவிலக்கு.

கே: இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் தாளித்துப் போட்டால்?

நன்றாகத்தான் இருக்கும், அது வேறு சூப். காரம் வேண்டுமென்றால் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் பொடியைத் தூவலாம். ஹாச்சோ மிசோவுக்கு சான்ஷோ என்ற ஜப்பானிய மிளகுப் பொடி.

கே: அப்பாவுக்கு பிரஷர் இருக்கிறது. தினமும் கொடுக்கலாமா?

ஷின்ஷூ மிசோவில் உப்பு 12 சதவீதம் அளவில் இருக்கும். மேலே சொன்ன அளவில் ஒரு கிண்ணத்தில் ஏறக்குறைய 1.4 கிராம் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாள் முழுக்க அப்பா சாப்பிடும் ஊறுகாய், அப்பளத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாஷியை அழுத்தமாக எடுத்து, காயைக் கூட்டி, சாற்றைக் குறைத்தால் மிசோவும் குறையும். தைராய்டு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: கொம்பில் அயோடின் மிக மிக அதிகம்.

கே: டப்பாவைத் திறந்தால் மிசோ கறுத்திருக்கிறது, மேலே வெள்ளைப் புள்ளி. தூக்கிப் போடவா?

கறுப்பது கெட்டுப்போனதால் அல்ல. நாள்பட நிறம் ஏறும், மணம் கொஞ்சம் குறையும். மணல் போன்ற வெள்ளைப் புள்ளி டைரோசின் என்ற அமினோ அமிலம். வெள்ளைப் படலமாக இருந்தால் ஈஸ்ட், வழித்துவிட்டுப் பயன்படுத்தலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல வளர்ந்திருந்தால் எறிந்துவிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பது நல்ல வழி. உப்பு அதிகம் என்பதால் கல்லாக உறையாது, அப்படியே கரண்டியில் எடுக்கலாம்.

கே: ஸ்பூன் தராமல் கொண்டுவந்து வைத்தார்கள், எப்படிக் குடிப்பது?

கிண்ணத்தைக் கையில் தூக்கி வாய் வைத்துக் குடியுங்கள். உள்ளே இருப்பதைக் குச்சியால் எடுத்துச் சாப்பிடலாம். உறிஞ்சும் சத்தம் வந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மூடி இறுகிக்கொண்டால் கிண்ணத்தின் இரு பக்கத்தையும் மெல்ல அழுத்துங்கள், திறந்துகொள்ளும்.

கே: ஒரே ஆள்தான் இருக்கிறேன், தினமும் தாஷி எடுக்கச் சோம்பல். வழி உண்டா?

உண்டு தம்பி. தாஷியை மொத்தமாக எடுத்து ஐஸ் தட்டில் உறைய வைத்துவிடு. காயை வேகவைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கலாம். மிசோவை மட்டும் குடிக்கும் நேரத்தில் அந்தக் கிண்ணத்துக்கு வேண்டிய அளவு கரைத்துக்கொள். சாறு வடித்த மீன் சீவலை எறியாதே. ஈரம் போக வறுத்து, சோயா சாஸும் எள்ளும் போட்டுப் பிரட்டினால் இரண்டு வேளைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.